முச்சக்கரவியல்: மூலமும் உரையும்

பாயிரம்

மேல்நாடுகளில் மூன்று சக்கர ரோட்ஸ்டர் என்றொரு வண்டி ஓடுகிறது. கூரை கிடையாது, மீட்டர் கிடையாது, ஆள் ஏற்றிச் சம்பாதிப்பதும் கிடையாது. ஆசைக்கு ஓட்டுகிற வண்டி அது. அதன்மேல் மோட்டார் சைக்கிள்காரருக்கு மையல் பிறக்குமா, பிறக்காதா என்பதே இந்நூல் நுதலிய பொருள்.

நூலுக்கு எல்லை சொல்ல வேண்டும். வடக்கே திண்டிவனம், தெற்கே கிளியனூர், கிழக்கே மரக்காணத்து உப்பளம், மேற்கே மயிலம் மலை. நடுவில் ஓமந்தூர். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியார் பிறந்த ஊர். ஜமீன் ஒழிப்பையும் ஆலயப் பிரவேசத்தையும் சட்டமாக்கிய ஆட்சிக்குத் தலைவரைத் தந்த ஊருக்கு ஒரு சக்கர வழக்கைத் தீர்க்கும் யோக்கியதை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

களமும் வாகாக அமைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுச்சேரிச் சாலை ஓரம் ஒரு டீயுடன் நின்றால் போதும். சென்னையிலிருந்து வரும் பெரிய பைக்குகள், மல்லாட்டை மூட்டை ஏற்றிய எக்ஸெல், பத்துப் பேரை அடக்கிய ஷேர் ஆட்டோ, தர்பூசணி லோடு ஆட்டோ என்று இருசக்கர, முச்சக்கர இனங்கள் அத்தனையும் வரிசையாகப் போகும். வேறு சோதனைச்சாலை வேண்டாம்.

முதலாவது: சக்கரவியல்

*முன்னொன்று பின்னிரண்டு, முன்னிரண்டு பின்னொன்று,*
*பக்கத் தொட்டிய ஒன்றொடும் கூட்டி*
*முச்சக் கரமே மூவகைப் படுமே.*

உரை: முன்னொற்றை, பின்னொற்றை, பக்கவொற்றை என மூன்று சக்கர வண்டி மூன்று வகை.

முன்னொற்றைக்கு எடுத்துக்காட்டு ஆட்டோ. இவ்வகையின் குலமுதல்வர் ஜெர்மனியில் இருக்கிறார். 1886 ஜனவரி 29 அன்று கார்ல் பென்ஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வண்டிக்கு முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. உலகின் முதல் கார் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, சக்கரக் கணக்கில் அது திண்டிவனம் ஷேர் ஆட்டோவின் பாட்டன். நேர்த் தகப்பன் இத்தாலிக்காரர்: வெஸ்பா ஸ்கூட்டரிலிருந்து 1948இல் பியாஜியோ நிறுவனம் உருவாக்கிய ஆப்பே. அதனால்தான் ஆட்டோவுக்கு இன்றுவரை ஸ்டியரிங் வட்டம் கிடையாது, ஹேண்டில்பார்தான். வலக்கையில் ஆக்சிலேட்டர், இடக்கையில் கிளட்சும் கியரும். பெட்டியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் உள்ளே உட்கார்ந்திருப்பது ஸ்கூட்டர்.

பின்னொற்றைதான் நம் வழக்குக்குரிய ரோட்ஸ்டர் வகை. 1909இல் இங்கிலாந்தின் மால்வர்ன் ஊரில் எச்.எஃப்.எஸ். மார்கன் செய்தது இங்கே சொல்லும் மூன்று பிள்ளைகளில் மூத்தது. கனடாவின் பிஆர்பி நிறுவனம் 2007இல் கொண்டுவந்த கேன்-ஆம் ஸ்பைடர் நடுவில் பிறந்தது. அதில் மோட்டார் சைக்கிள் போலவே கால் பரப்பி உட்கார்ந்து ஹேண்டில்பார் பிடிக்க வேண்டும். 2014இல் வந்த போலாரிஸ் ஸ்லிங்ஷாட் இளையது. அதில் இருவர் பக்கம் பக்கமாக உட்கார்ந்து ஸ்டியரிங் சுற்றலாம்.

பக்கவொற்றை என்பது சைடுகார். இதன் வழக்கு சட்டவியலில் வரும்.

*மூன்றென நின்றது வளைவின் கண்ணே*
*இரண்டென ஒலித்தல் சக்கரக் குறுக்கம்.*

உரை: முன்னொற்றை வண்டியை வேகமாக வளைத்து, கூடவே பிரேக்கும் பிடித்தால் பாரம் முன்னாலும் வெளிப்பக்கமும் சேர்ந்து பாயும். பாயும் இடத்தில் தாங்கச் சக்கரம் இல்லை. முக்கோணத்தின் கூர்முனைதான் இருக்கிறது. எனவே உட்பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். பழகிய பயணிக்கு இது தெரியும். ஏரிக்கரை வளைவு வருவதற்குள் கூடையை மடிக்கு மாற்றி உட்பக்கக் கம்பியை எட்டிப் பிடித்துக்கொள்வார். ஓட்டுநரோ இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்திருக்க, பாதி இருக்கையில் தொற்றிக்கொண்டு கைப்பிடியைத் திருப்புவார். இந்தக் குறுக்கத்தைக் கலையாக்கியவரும் உண்டு. சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் 2011 பிப்ரவரியில் மும்பையில் ஆட்டோவை ஒருபக்கமாகத் தூக்கி, இரண்டே சக்கரத்தில் 2.2 கிலோமீட்டர் ஓட்டிக் கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். வாய்ப்புக் கிடைத்தபோது ஆட்டோக்காரர் மூன்றை இரண்டாக்கினாரே தவிர நான்காக்கவில்லை என்பதை நீதிபதிகள் குறித்துக்கொள்க.

பின்னொற்றையில் இந்த ஆபத்து குறைவு. பாரம் பாயும் இடத்திலேயே இரண்டு சக்கரம் நிற்கிறது.

*ஒருதடம் இரண்டே, இருதடம் நான்கே,*
*முத்தடம் மூன்றே, பள்ளம் தப்பாது.*

உரை: பைக்குக்குச் சக்கரம் இரண்டு, தடம் ஒன்று. காருக்குச் சக்கரம் நான்கு, தடம் இரண்டு. ஆட்டோ, ரோட்ஸ்டர் போன்ற முச்சக்கரத்துக்குச் சக்கரமும் மூன்று, தடமும் மூன்று. ஊர்ச்சாலையில் ஒரு பள்ளத்தை ஒதுக்க பைக்காரர் ஒரு கோட்டைக் காப்பாற்றினால் போதும். முச்சக்கரக்காரர் மூன்று கோட்டைக் காப்பாற்ற வேண்டும். இரண்டைக் காப்பாற்றினால் மூன்றாவது விழும். அதற்குள்தான் பயணியின் இடுப்பு இருக்கிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அறுவடைக் காலத்தில் இந்தப் பக்கத்துச் சாலைகளில் கேழ்வரகுக் கதிரையும் உளுந்துச் செடியையும் பரப்பிப் போடுவார்கள். போகிற வண்டிகளே போரடித்துக் கொடுத்துவிடும். அந்தத் தாள்மேல் பைக் வழுக்கும். ஓட்டுபவர் இரண்டு காலையும் தரையில் இழுத்துக்கொண்டே கடப்பார். முச்சக்கரம் வழுக்காமல் போவதோடு மூன்று கோட்டில் மிதித்தும் கொடுக்கும். விவசாயி கட்சியில் நின்று பார்த்தால் ரோட்ஸ்டர் வரவேற்கத்தக்கதே.

இரண்டாவது: சாய்வியல்

*வீழா வண்ணம் வீழ்தல் சாய்வே;*
*சாய்வில் லாதது சவாரி ஆகாதே.*

உரை: 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிள் ஏறத்தாழ 32 பாகை சாய்ந்தாக வேண்டும். சாயாவிட்டால் வெளியே தூக்கி எறியும். நின்றபடி 32 பாகை சாய்த்தால் வண்டி ஆளோடு கீழே கிடக்கும். ஓடும்போது மட்டும் அந்தச் சாய்வு தாங்குகிறது. விழ வேண்டியவன் விழாமல் போகிறான். மோட்டார் சைக்கிளில் ஆசைக்குரிய பண்டம் இது ஒன்றுதான். வேகம் காரிலும் கிடைக்கும், காற்று ஷேர் ஆட்டோவின் ஓரத்து இருக்கையிலும் கிடைக்கும்.

இன்னொரு நுட்பம். வேகத்தில் போகும் பைக்கை இடப்பக்கம் திருப்ப, இடது கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும். தள்ளியதும் முன்சக்கரம் நூலளவு வலப்பக்கம் போகும், வண்டி இடப்பக்கம் சாயும், பிறகு இடப்பக்கமே வளையும். முப்பது வருடம் புல்லட் ஓட்டியவரிடம் இதைச் சொன்னால், “நான் அப்பிடில்லாம் செய்யறதே இல்லப்பா” என்பார். அவர் கை தினமும் செய்கிறது.

இதே கையோடு அவரை ஸ்பைடரில் ஏற்றினால் என்ன ஆகும்? இடப்பக்கம் திரும்ப வேண்டி இடது கைப்பிடியை முன்னே தள்ளுவார். சாய வழியில்லாத வண்டி, தள்ளிய திசைப்படி வலப்பக்கம் போகும். முப்பது வருடப் பழக்கம் அவரை எதிர்ப்பக்க வாய்க்காலில் சேர்க்கும். ஆட்டோக்காரருக்கு இந்தச் சிக்கலே இல்லை. போக வேண்டிய பக்கம் கைப்பிடியைத் திருப்புவது அவர் அன்றாடம் செய்வது. ஆக, ஓமந்தூரில் மூன்று சக்கர ரோட்ஸ்டரை முதல்நாளே ஒழுங்காக ஓட்டக்கூடியவர் பைக்காரர்களில் யாருமில்லை, ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கிறார்.

சாயும் முச்சக்கரம் இல்லையா என்று மாணாக்கன் கேட்பான். உண்டு. 2006இல் பியாஜியோ கொண்டுவந்த எம்பி3 ஸ்கூட்டருக்கும், 2018இல் யமஹா கொண்டுவந்த நிக்கனுக்கும் முன்னால் இரண்டு சக்கரம். வளைவில் இரண்டும் சேர்ந்து சாயும். எம்பி3இன் அகலத்தடம் கொண்ட வகையைப் பிரான்சில் கார் உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்றார்கள். பாரிஸ் தெருக்களில் அது கூட்டமாக ஓடியது. வாங்கியவர்களில் ஏராளம் பேர் போக்குவரத்து நெரிசலுக்குப் பயந்து காரிலிருந்து இறங்கியவர்கள். சாய்வைக் கொடுத்தும் அந்த வண்டியின் வரவேற்பு பைக் வீட்டைவிடக் கார் வீட்டில்தான் பலமாக இருந்தது.

மூன்றாவது: சட்டவியல்

*எண்ணால் மூன்றாம் சைடுகார் வண்டி*
*சட்டத் தாலே இரண்டெனப் படுமே.*

உரை: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் சைக்கிள் என்றால் இரண்டு சக்கர மோட்டார் வண்டி என்கிறது, கழற்றக்கூடிய சைடுகாரும் அதன் கூடுதல் சக்கரமும் அதில் அடக்கம் என்றும் சொல்கிறது. “கழற்றக்கூடிய” என்ற நிபந்தனையை முன்கூட்டியே நிறைவேற்றியவர்கள் ஜெய்யும் வீருவும். 1975இல் வந்த ஷோலே படத்துப் பாட்டில் சைடுகார் தனியே கழன்று ஒரு பக்கம் போய், மறுபடி வந்து வண்டியோடு ஒட்டிக்கொள்ளும். சட்டம் இயற்றப் பதின்மூன்று வருடம் இருக்கும்போதே சட்டப்படி நடந்த நண்பர்கள்.

ஸ்பைடரின் மூன்றாம் சக்கரம் கழலாது. எனவே இந்தியச் சட்டத்தில் அது மோட்டார் சைக்கிள் ஆகாது. விதிகளில் மூன்று சக்கரத்துக்கு எல்5 என்றொரு வகுப்பு இருக்கிறது. அங்கே ஆள் ஏற்றும் ஆட்டோ ஒரு பெஞ்சிலும் சரக்கு ஏற்றும் ஆட்டோ ஒரு பெஞ்சிலும் உட்கார்ந்திருக்கும். ரோட்ஸ்டர் அந்த வகுப்பறை வாசலில்தான் நிற்க வேண்டும். அமெரிக்காவிலோ பெரும்பாலான மாநிலங்களில் அதே வண்டி மோட்டார் சைக்கிள் கணக்கு. கடல் தாண்டினால் சாதி மாறுகிறது.

இங்கிலாந்தில் இந்த வகுப்புக் கணக்கே ஒரு தொழிலை வாழவைத்தது. எடை குறைந்த மூன்று சக்கர வண்டிக்கு அப்போது அங்கே மோட்டார் சைக்கிளுக்குரிய குறைந்த வரிதான். மோட்டார் சைக்கிள் உரிமமே போதுமாயிருந்தது. கல்யாணமான பைக்காரர்கள் மனைவியை மழையில் நனைக்காமல் கூட்டிப்போக மார்கன் வாங்கினார்கள், சைடுகார் மாட்டினார்கள். மார்கன் 1952 வரை முச்சக்கரம் செய்தது. 1959இல் மினி கார் மலிவாக வந்ததும் சைடுகாரும் குமிழ் வடிவச் சிறு கார்களும் சந்தையிலிருந்து சரிந்தன. அந்தப் பைக்காரர்கள் மூன்றாம் சக்கரத்தை விரும்பி ஏற்றதில்லை. குடும்பத்துக்காகச் சகித்தார்கள், நான்காவது சக்கரம் கைக்கெட்டிய அன்றே கைகழுவினார்கள்.

நம் நாட்டிலும் மோட்டார் சைக்கிள் மூன்று சக்கரம் பூண்டதெல்லாம் பிழைப்புக்காகத்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்து கழித்துவிட்ட ராணுவ ஹார்லி-டேவிட்சன்களின் பின்னால் பெட்டி கட்டி, தில்லியில் 1990களின் கடைசி வரை ஆள் ஏற்றினார்கள். சென்னையில் ஆயுள் முடிந்த பைக் எஞ்சின்கள் மீன்பாடி வண்டியில் மறுபிறவி எடுத்தன. மூன்று சக்கரம் என்றதும் நம் கண் முதலில் லோடு எங்கே என்று தேடுவதற்கு இந்தப் பூர்வஜென்ம வாசனையே காரணம்.

திணைமயக்கம் ஒன்றும் சொல்லியாக வேண்டும். ஹீரோ மோட்டோகார்ப் 2024 ஜனவரியில் காட்டிய சர்ஜ் எஸ்32 சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மின்வண்டி. அதன் வயிற்றிலிருந்து ஒரு ஸ்கூட்டர் மூன்றே நிமிடத்தில் வெளியே வரும். பகலில் எல்5, சாயங்காலம் எல்2. உழைக்கும்போது மூன்று, வீட்டுக்குப் போகும்போது இரண்டு என்று இந்த நாட்டின் மனத்தை அறிந்து செய்த வண்டி.

நான்காவது: ஓட்டுநரியல்

*புல்லட், டியூக்கு, எக்ஸெல், ஞாயிறு,*
*முட்டி என்றிவை ஐவகைக் கூட்டம்.*

உரை: புல்லட்டார் என்போர் 1956 முதல் திருவொற்றியூரில் உருவான வண்டியைக் குலதெய்வமாகக் கொண்டவர்கள். இவர்களின் முதல் ஆட்சேபம் ஓசை பற்றியது. ஒற்றை சிலிண்டர் டப்டப்பை இரண்டு சக்கரத்தில் கேட்டால் ராஜநடை என்பார்கள். அதே ஓசையை மூன்று சக்கரத்தில் கேட்டால் டீசல் ஆட்டோ என்பார்கள். இரண்டாவது ஆட்சேபம் நிறுத்துவது பற்றியது. சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியின்மேல் ஒரு கையை ஊன்றிப் பேசுவது இவர்கள் மரபு. நிமிர்ந்தே நிற்கும் வண்டியிடம் அந்த ஒட்டுறவு இல்லை.

டியூக்கார் பொறியியல் கல்லூரிப் பருவத்தினர். முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டிக் காட்டுவது இவர்கள் வழக்கம். இரண்டு சக்கரத்திலேயே ஒன்று உபரி என்று கருதுபவரிடம் மூன்றாவதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

எக்ஸெல்லார்தான் தொகையில் பெருங்கூட்டம். டிவிஎஸ் எக்ஸெல்லின் பின்சீட்டைக் கழற்றி, கேரியரில் ஒரு மல்லாட்டை மூட்டை, காலுக்கிடையில் இன்னொன்று வைத்து, கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்து, முழங்காலை இரண்டு பக்கமும் விரித்தபடி கிளம்புவார்கள். ரோட்ஸ்டரைக் காட்டினால் இவர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றே: “எத்தினி மூட்ட ஏறும்?” ஏறாது என்ற பதிலோடு விசாரணை முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமையார் சென்னையிலிருந்து விடியுமுன் கிளம்பி, திண்டிவனத்தில் இட்லி சாப்பிட்டு, வெயில் ஏறுமுன் புதுச்சேரியில் படம் எடுத்துக்கொள்பவர்கள். ரோட்ஸ்டர் வாங்கும் வசதி இவர்களுக்கே உண்டு. ஒரு கற்பனைச் சோதனை நடத்துவோம். இவர்களில் ஒருவர் ஸ்பைடரை வரவழைத்து ஓட்டிவந்து, ஓமந்தூரில் டீ குடிக்க நிறுத்துகிறார். கூடையோடு ஒரு மூதாட்டி வருவார்.

“தம்பி, திண்டிவனம் போவுமா?”

“போவாது ஆயா.”

“பின்ன எதுக்கு இங்க நிறுத்தி வெச்சிருக்க?”

அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதற்கு இதற்குமேல் பதில் சொல்ல முடியாது. கூட வந்த நண்பர்கள் இதை ஆயுளுக்கும் விட மாட்டார்கள்.

ஆட்டோக்காரரை இவ்வைவரில் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். ரோட்ஸ்டரை ஓட்டும் கை அவரிடம்தான் இருக்கிறது என்று சாய்வியலில் நாட்டினோம். ஆனால் பகலெல்லாம் மூன்று சக்கரத்தில் உட்கார்ந்தவர், ஒரு ஓய்வுநாள் கிடைத்தால் மச்சானின் ஸ்பிளென்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு மரக்காணம் கடற்கரைக்குப் போகிறார். கை இருப்பவருக்கு ஆசை இல்லை. ஆசைப்பட வசதி இருப்பவருக்குக் கை இல்லை.

எஞ்சியவர் முட்டிவலியார். இவருக்கு ஒரு தனி இயல் வேண்டும்.

ஐந்தாவது: ஒழிபியல்

*மூன்றாம் சக்கரம் ஓட்டுவோர் காலே;*
*கால்உள காறும் வேறொன்று வேண்டார்.*

உரை: இதுவரை எல்லோரும் ஒரு கணக்கில் ஏமாந்துவிட்டார்கள். மோட்டார் சைக்கிளுக்கு இரண்டே தாங்கல் என்று எண்ணினார்கள். ரயில்வே கேட்டில் நிற்கும் பைக்கைப் பாருங்கள். இரண்டு சக்கரமும் ஒரு செருப்பும் தரையில் இருக்கும். மணலில், சேற்றில், கேழ்வரகுத் தாளில் இரண்டு செருப்பும் இறங்கும். நூற்றெண்பது கிலோ புல்லட்டும் பின்னால் வீட்டுக்காரம்மாவும் பிள்ளையும் சேர்ந்த பாரத்தை அந்த நிமிடம் தாங்குவது ஒரு முட்டி. வண்டி விழாமல் நிற்கக் காரணம் தானே என்ற பெருமை அங்கிருந்துதான் வருகிறது. தானே நிற்கும் வண்டி அந்தப் பெருமையைப் பறிக்கிறது. பைக்காரர் ரோட்ஸ்டரை மறுப்பது சக்கரத்தை வெறுத்து அல்ல. தம் காலுக்குப் போட்டியாக ஒருவர் வேலைக்கு வந்திருக்கிறார் என்பதால்.

ஐம்பத்தைந்து தாண்டி, சிக்னலில் ஊன்றும்போது முட்டி ஒரு சொல் சொல்லும். மேல்நாட்டில் பைக் ஓட்டி வயதானவர்கள் ஸ்பைடரையும் ஹார்லியின் டிரைக்கையும் நாடிப் போவது அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு. நம் முட்டிவலியாருக்கு அந்த வண்டி கிடைப்பதில்லை. எனவே அவர் முதலில் புல்லட்டை விட்டு ஸ்கூட்டிக்கு இறங்குவார், பிறகு மகன் வண்டியின் பின்சீட்டுக்கு நகர்வார், கடைசியில் ஷேர் ஆட்டோவில் ஓரத்து இடம் கேட்பார். மூன்று சக்கரத்துக்கே வந்து சேர்கிறார். கைப்பிடி மட்டும் வேறொருவரிடம்.

இந்த இடத்தில் உரைகாரன் சிரிப்பை நிறுத்திக்கொள்ள வேண்டிய ஒரு வகுப்பு உண்டு. நடக்க இயலாத மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழ்நாடு அரசு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை இலவசமாக வழங்குகிறது. பின்சக்கரத்தின் இருபுறமும் பக்கத்துக்கொரு சிறு சக்கரம். எண்ணினால் நான்கு, ஊர்வாயில் மூன்று சக்கர ஸ்கூட்டர். அது சாயாது. கால் ஊன்ற வேண்டியதும் இல்லை. அதுவரை யாராவது தூக்கி ஏற்றினால்தான் பஸ் என்றிருந்தவர், யாரையும் கேட்காமல் திண்டிவனம் போய், வேலை முடித்து, வழியில் டீயும் குடித்துவிட்டு வருகிறார். கூரையில்லாத, மீட்டரில்லாத, தன் விருப்பத்துக்கு ஓட்டுகிற சாயாத வண்டிதானே ரோட்ஸ்டர்? அப்படியானால் அது இந்த ஊர்களில் முன்பே ஓடிக்கொண்டிருக்கிறது. சாய்வின் மகிமையை நான்கு பக்கம் பேசியவர்கள் எல்லோரும் கால் ஊன்ற முடிந்தவர்கள் என்பதை இந்நூல் இங்கே பதிவு செய்கிறது.

முடிபு: மூன்று சக்கர ரோட்ஸ்டர் மோட்டார் சைக்கிள்காரர் மனத்தைக் கவராது, அவர் முட்டியைக் கவரும். மனமும் முட்டியும் மாறுபட்டால் கொஞ்ச காலம் மனம் ஜெயிக்கும், பிறகு முட்டி ஜெயிக்கும். ஆகவே வண்டி விற்க வருகிறவர் பைக் ஷோரூம் பக்கத்தில் கடை போட வேண்டாம். திண்டிவனத்தில் எலும்பு மருத்துவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று விசாரித்து அங்கே போடட்டும்.

புறனடை: இங்கே சொல்லாமல் விட்ட வண்டிகள் இன்னும் உண்டு. அவற்றைக் கண்டவர்கள், நிற்கும்போது எது தாங்குகிறது என்று பார்த்து, வண்டி தாங்கினால் ஒரு பக்கமும் ஆள் தாங்கினால் மறு பக்கமும் எழுதிக்கொள்க. சக்கரத்தை எண்ண வேண்டாம்.